வண்டி ஓட்டும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை

(மும்பை தாராவியில் நடந்த நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைக்கு நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிற தலைப்பு கார் இன்சூரன்சும் விபத்தும். "அரசியல் பேசுகிற மேடையில் இன்சூரன்ஸ் ஏஜெண்டு பேசுகிற பேச்சு எதற்கு?" என்று தோழர் ஒருவர் வாசலிலேயே நம்மைக் கேட்டார். கேட்டதில் தவறில்லை. பேச்சை முடிக்கும்போது அவருக்குப் பதில் கிடைத்திருக்கும் என்று நம்புகிறோம்.

நம் பெரியவர்கள் திருநெல்வேலியிலிருந்தும் மற்ற மாவட்டங்களிலிருந்தும் ஒரு தகரப் பெட்டியோடு இந்த ஊருக்கு வந்து இறங்கியவர்கள். தோல் கிடங்கிலும், ஆலையிலும், துறைமுகத்திலும் வேலை பார்த்தார்கள். சாலையில் அவர்கள் நடந்து போனவர்கள். கார் வந்தால் ஒதுங்கி நின்றவர்கள். இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் சட்டைப் பையில் கார்ச் சாவி இருக்கிறது? டாக்சி ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். சொந்தக் கார் வைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவர்கள் இருக்கிறீர்கள். மகிழ்ச்சிதான். ஆனால் விடியற்காலையில் சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டிக்கொண்டு போகிறவரும் நம்மவரே. சாலையின் இரண்டு பக்கத்திலும் இப்போது நாம்தான் இருக்கிறோம். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

நாம் செய்த தவறு

2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை இட்லி விற்கப் போன நம் பையன் ஒருவனைக் கார் ஒன்று மோதிவிட்டது. வயது 22. மருத்துவமனைக்குக் கொண்டு போயும் உயிர் தங்கவில்லை. காரை ஓட்டியவர் வெளி ஆள் அல்லர். நம் சங்கத்து உறுப்பினர். குடித்துவிட்டு ஓட்டவில்லை. ஓடிப் போகவும் இல்லை. அவரே பையனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்.

அன்று இரவு இரண்டு தரப்பாரையும் உட்கார வைத்துப் பேசியது யார்? நாம்தான்; நம் சங்கம்தான். "இருவரும் நம்மவர்கள், கோர்ட்டுக்குப் போனால் வருடக் கணக்கில் இழுக்கும், பிணத்தை ஊருக்குக் கொண்டு போக வேண்டும்" என்று சொல்லி 75,000 ரூபாய்க்கு முடித்து வைத்தோம். ஊரிலிருந்து வந்திருந்த தாயிடம் "இனி எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று மராத்தியில் எழுதிய தாளில் கைநாட்டு வாங்கினோம். அந்த அம்மா நம்மைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நல்ல காரியம் செய்ததாக நாமும் நினைத்துக்கொண்டோம்.

தோழர்களே, அது நல்ல காரியம் அல்ல. அறியாமையால் செய்த அநியாயம். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறோம்.

அந்தக் காருக்கு முறையான இன்சூரன்ஸ் இருந்தது. ஓட்டியவரிடம் லைசென்ஸ் இருந்தது. அப்படியானால் இழப்பீடு தர வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி. எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு உச்சநீதிமன்றம் 2009ஆம் ஆண்டு சரளா வர்மா வழக்கிலும், 2017ஆம் ஆண்டு பிரணய் சேத்தி வழக்கிலும் கணக்கு வகுத்துக் கொடுத்திருக்கிறது. பையனுடைய வருமானம் மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,44,000. சொந்தத் தொழில் செய்கிறவர், 40 வயதுக்கு உட்பட்டவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும், 2,01,600 ஆகிறது. மணமாகாதவர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கென்று பாதியைக் கழித்தால் மீதி 1,00,800. வயது 22 என்பதால் இதை 18ஆல் பெருக்க வேண்டும். மொத்தம் 18,14,400 ரூபாய்! ஈமச் சடங்குச் செலவு, மகனை இழந்த இழப்பு, வட்டி எல்லாம் தனி. பையன் மீதும் தவறு இருந்ததென்று தீர்ப்பாயம் கண்டால் அந்த அளவுக்குக் குறையும். தவறு யாருடையது என்ற வழக்கே வேண்டாம் என்றாலும், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 164ஆம் பிரிவின்படி உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கிடைக்கும்.

18 லட்சம் எங்கே? 75,000 எங்கே? கார்க்காரருக்காவது லாபமா என்றால் அதுவும் இல்லை. கம்பெனி கொடுக்க வேண்டியதற்கு அவர் தம் கைப்பணத்தைக் கொடுத்தார். கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு, இரு தரப்பும் கூடிப் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய வழக்கு அல்ல. போலீஸ் வழக்கு அவர் தலைமேல் அப்படியே இருந்தது. ஆக, பேரத்தில் பிழைத்தது இன்சூரன்ஸ் கம்பெனி மட்டுமே!

இந்தச் சட்டம் யாருக்காக வந்தது?

வண்டி வைத்திருப்பவர் கட்டாயம் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் 1946 முதல் உள்ள விதி. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதப்பட்டது. இப்போது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவில் இருக்கிறது. இந்தக் கட்டாயம் உங்கள் காரைக் காப்பாற்றுவதற்காக வந்ததல்ல. உங்கள் கார் நசுங்கினால் அது உங்கள் பாடு. வேண்டுமானால் அதற்குத் தனியாகக் கட்டிக்கொள்ளலாம். கட்டாயமெல்லாம் "தேர்டு பார்ட்டி" என்கிற மூன்றாம் நபருக்காக, அதாவது உங்கள் வண்டியில் அடிபடுகிறவருக்காக. காரில் போகிறவன் பணக்காரனோ ஏழையோ, அவன் கையில் காசிருக்கிறதோ இல்லையோ, அடிபட்டவன் குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது என்பதே நோக்கம்.

இதை நம் தோழர்கள் பலர் போலீஸ்காரருக்குக் காட்டுகிற சீட்டு என்று நினைக்கிறார்கள். "பிடித்தால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அது பிரீமியத்தைவிடக் குறைவு" என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. மூன்று மாதம் வரை சிறையும் அதே பிரிவில் இருக்கிறது என்பது ஒருபுறம் கிடக்கட்டும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவர்மேல் ஏறினால், அந்த 18 லட்சத்தை உரிமையாளரே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நிலவரி பாக்கி வசூலிப்பதுபோலக் கலெக்டர் மூலம் வசூலிக்கலாம். ஊரில் அப்பா விட்டுப் போன காணி நிலமும் போகும். 2022 ஜூன் 1 முதல் வந்த அரசுக் கட்டணத்தின்படி 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையிலான காருக்குத் தேர்டு பார்ட்டி பிரீமியம் ஆண்டுக்கு வரி நீங்கலாக 3,416 ரூபாய். நாளொன்றுக்குப் பத்து ரூபாய்கூட ஆகவில்லை.

வண்டி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை

நம்மிடையே அதிகம் நடக்கிற தவறுகளைச் சொல்கிறோம்.

முதலாவது, பழைய கார் வாங்குவது, விற்பது. பணம் கைமாறியது, சாவி கைமாறியது, பெயர் மட்டும் மாறவில்லை. இது நம்மிடம் சர்வ சாதாரணம். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்கு எழுத வேண்டும். பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றும்படி வாங்கியவர் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும்.

இரண்டாவது, ஊர் வண்டி. தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு காரை இங்கே கொண்டுவந்து ஆண்டுக் கணக்கில் ஓட்டுகிறோம். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். முகவரி மாறியதைக் கம்பெனிக்கும் தெரிவியுங்கள்.

மூன்றாவது, காரில் உடன் வருகிறவர்கள். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் உள்ள சொந்தக் காரில் இலவசமாகக் கூட வருகிறவருக்கு அந்தப் பாலிசியில் பாதுகாப்பு இல்லை என்பது நீதிமன்றத் தீர்ப்பு. ஊரிலிருந்து வந்த மாமனாரையும் மைத்துனரையும் ஏற்றிக்கொண்டு புனே நெடுஞ்சாலையில் போகிறவர்கள் முழுக் காப்பீடு எடுங்கள். ஓட்டுகிற உரிமையாளருக்கென்று 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு 2018 முதல் உண்டு. அதைச் சேர்த்தார்களா என்று பாலிசியைப் பிரித்துப் பாருங்கள்.

நான்காவது, சொந்த உபயோகத்துக்கென்று பதிவான காரைக் கல்யாணத்துக்கும் ஏர்போர்ட்டுக்கும் வாடகைக்கு விடுவது. இது பாலிசி நிபந்தனையை மீறுவது.

ஐந்தாவது, லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பது. 18 வயது நிரம்பாதவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வழக்குகளில், கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவாவது வழக்கம்.

மும்பைக்காரர்களுக்கு இன்னொன்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்க முடியாது. கார் தண்ணீரில் நின்றுவிட்டால் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யாதீர்கள். வெள்ளத்தால் வந்த சேதத்துக்கு முழுக் காப்பீட்டில் பணம் உண்டு. தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து எஞ்சின் உடைந்தால், எஞ்சினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திராதவருக்கு "இது உன் செயலால் வந்தது" என்று கையை விரித்துவிடுவார்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால்

வண்டியை நிறுத்துங்கள். ஓடாதீர்கள். அடிபட்டவரை அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பது 134ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. 112க்குப் பேசுங்கள், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033.

"நின்றால் கூட்டம் அடித்துக் கொன்றுவிடுமே" என்பீர்கள். அந்தப் பயம் சட்டத்துக்கும் தெரியும். கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமற்போனால் என்று அந்தப் பிரிவிலேயே விலக்கு எழுதியிருக்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் நேரே பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவன்தான் குற்றவாளி ஆகிறான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாயச் சட்டத்தில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை. சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு என்ற உட்பிரிவு, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு நடைமுறைப்படுத்தாமல் நிறுத்தி வைக்கப்பட்டது.

மருத்துவமனையில் "முதலில் பணம் கட்டு, போலீஸ் வரட்டும்" என்று சொன்னால் கேட்க வேண்டியதில்லை. சடங்குகளுக்குக் காத்திராமல் உடனே சிகிச்சை தருவது டாக்டரின் சட்டக் கடமை. 2025 மே 5 முதல், விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாமல் சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டம் வந்திருக்கிறது. இது தானாக வந்துவிடவில்லை. சாலைப் பாதுகாப்புக்காக 2012ஆம் ஆண்டே உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை டாக்டர் எஸ். இராஜசேகரன். அந்த வழக்கில் 2025 ஜனவரியில் நீதிமன்றம் கெடு விதித்த பிறகே திட்டம் வந்தது. ஒரு தமிழர் போட்ட வழக்கால் நாடு முழுவதும் அடிபடுகிற ஏழைக்குப் பயன் கிடைத்திருக்கிறது.

வழியில் போகிறவராக இருந்து உதவி செய்தால் உங்கள்மேல் வழக்கு வராது. விரும்பாவிட்டால் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 134-ஏ பிரிவு உங்களைப் பாதுகாக்கிறது.

பிறகு, வண்டிகள் நின்ற நிலையிலேயே படம் எடுங்கள். எதிர் வண்டியின் எண், பாலிசி, லைசென்ஸ், பார்த்தவர்களின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்கு அன்றே சொல்லுங்கள். சர்வேயர் பார்ப்பதற்கு முன் மெக்கானிக்கிடம் கொடுத்து வண்டியைப் பிரிக்காதீர்கள். எஃப்.ஐ.ஆரை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். விசாரணையில் போலீசார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்தே வாங்கக் கூடாது என்பது சட்டம். படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளிலும் வெற்றுத் தாளிலும் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். இதை மற்றவருக்குச் சொல்லும்போதே நமக்கு நாக்கு கூசுகிறது. அந்தத் தாயிடம் அப்படிக் கைநாட்டு வாங்கியவர்கள் நாம்தானே!

அடிபட்டவர் குடும்பத்துக்கு

வெளி மாநிலத்தில் பிழைக்கிற நமக்கென்றே எழுதியதுபோல ஒரு விதி 166ஆம் பிரிவில் இருக்கிறது. இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கிற ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். மும்பையில் மகனை இழந்த தாய் திருநெல்வேலியிலேயே வழக்குப் போடலாம். தமிழில் பேசலாம், தெரிந்த வக்கீலை வைத்துக்கொள்ளலாம்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியவில்லையா? அதற்கும் 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. விபத்து நடந்த பகுதியின் தாசில்தார் அல்லது கோட்ட அதிகாரி அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். வீட்டு வேலை மட்டும் செய்த பெண் இறந்தால் "அவளுக்கு வருமானம் இல்லையே" என்று சொல்ல முடியாது. வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கும் மதிப்புண்டு என்று 2021ஆம் ஆண்டிலும் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது.

ஆனால் கெடுவைக் கவனியுங்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருந்தது. 1994ல் அதை நீக்கினார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மறுபடி கொண்டுவந்து 2022 முதல் அமலாக்கினார்கள். அதை எதிர்த்து வழக்குகள் போய், கெடுவைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாதென்று 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பிக்கொண்டு உட்காராதீர்கள். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

அரசியல் எங்கே இருக்கிறது?

வாசலில் கேட்ட தோழருக்கு இப்போது பதில். 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,72,890 பேர் என்று அரசின் கணக்கே சொல்கிறது. பலர் நடந்து போனவர்கள், சைக்கிளிலும் இருசக்கர வண்டியிலும் போனவர்கள். அவர்கள் குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணம் சேர்ந்ததா என்று கேட்பது அரசியல் இல்லையா?

107 தனியார் கம்பெனிகளை எடுத்து நான்கு அரசுக் கம்பெனிகளாக்கி, 1973 ஜனவரி 1 முதல் பொது இன்சூரன்சை நாட்டுடைமை ஆக்கினார்கள். நான்கில் ஒன்றுக்குச் சென்னையே தலைமையிடம். பிறகு தனியாருக்குக் கதவைத் திறந்தார்கள். 2021ல் அரசின் பங்கு 51 விழுக்காட்டுக்குக் கீழே போகலாம் என்றும் சட்டம் திருத்தினார்கள். கம்பெனி யாருடையதாக இருந்தாலும் மூன்றாம் நபருக்கான கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு; அந்தப் பணம் அடிபட்டவருக்கென்று கட்டுகிற பணம். ஆறு மாதக் கெடு ஏழையைத்தான் தடுக்கும். தெரிந்தவர் இல்லாதவனை, மொழி தெரியாதவனை, பிணத்தை ஊருக்குக் கொண்டு போகவே கடன் வாங்கியவனைத் தடுக்கும். ஆகவே அந்தக் கெடுவைச் சட்டத்திலிருந்தே எடுக்க வேண்டும். விபத்தில் சிக்கியவருக்கு அவருடைய உரிமைகளை அவருக்குத் தெரிந்த மொழியில் அச்சிட்டுத் தர வேண்டும்.

கடைசியாக, அந்த இட்லிக்காரப் பையனின் கதை. நான்கு மாதம் கழித்துச் சட்டம் தெரிந்த தோழர் ஒருவர் நம் முகத்துக்கு நேரே கேட்டார்: "சமரசம் செய்தீர்களா, சதி செய்தீர்களா?" வெட்கத்தோடு ஊருக்குப் போனோம். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். ஐந்தாம் மாதம் திருநெல்வேலியில் மனுப் போடப்பட்டது. தம் பாலிசி நகலைத் தாமே கொண்டுவந்து கொடுத்தவர் அந்தக் கார்க்காரத் தோழர். "என் இன்சூரன்ஸ் எதற்கு இருக்கிறது?" என்றார். அவரை இந்த மேடையிலிருந்து வணங்குகிறோம். மூன்றாம் நபர் இழப்பீட்டால் அவருடைய "நோ கிளெய்ம்" சலுகைகூடக் குறையாது. வழக்கில் எதிர்த்தரப்பு நீட்டுகிற ஒரே ஆயுதம், நாம் எழுதி வாங்கிய அந்தத் தாள். நம் கையால் எழுதிய தாளை எதிர்த்து நாமே இன்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறோம். உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த விபத்தில் நம் சங்கம் இனி எந்தக் காலத்திலும் பேரம் பேசி முடித்து வைக்காது. இரவானாலும் பகலானாலும் மருத்துவமனைக்கும் போலீஸ் நிலையத்துக்கும் துணைக்குப் போக வண்டி ஓட்டும் தோழர்கள் இருவரும் சட்டம் தெரிந்த தோழர்கள் இருவரும் கொண்ட குழு ஒன்றை இன்றே அமைக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் பாலிசியை எடுத்து, அது என்றைக்கு முடிகிறது என்று பாருங்கள். முடிந்திருந்தால், அதைப் புதுப்பிக்கும் வரை சாவியைத் தொடாதீர்கள்.